கற்பிட்டியில் ஒரு மதில்பூ

கற்பிட்டியின் ஒரு குறுக்குத்தெருவில், பழைய முருகைக்கல் மதில் மேல் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. கல்லிடுக்கில் ஒரேயொரு மூக்குத்திப்பூச் செடி பூத்து நிற்கிறது. குனிந்து போனை நீட்டுகிறேன். கேட்டைத் திறந்துகொண்டு வீட்டுக்காரப் பெண் ஓடி வருகிறார்.

"அல்லாவே, தம்பி! நாளைக்கு மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வாறாங்க. செடி முளைச்சுக் காடு பத்திக் கிடக்கிற மதிலைப் படமெடுத்துப் போட்டுடாதீங்க!"

நான் வாய் திறப்பதற்குள் செடியைப் பிடுங்கிவிட்டுச் சிரிக்கிறார்.

"இப்ப எடுங்க, வடிவா இரிக்கி."

யன்னலிலிருந்து மகள் கத்துகிறாள்: "உம்மா, அவர் எடுக்க வந்ததே அந்தப் பூவைத்தான்!"

அவர் என்னைப் பார்க்கிறார், கையிலிருக்கும் செடியைப் பார்க்கிறார். பிறகு அதை அதே இடுக்கில் செருகி, விழாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொள்கிறார்.

"கெதியா எடுங்க தம்பி. எடுத்து முடிஞ்சதும் பிடுங்கிடுவன்."