எழுதிக்குடு அண்ணன்

மேலதிகாரி பேசி முடிப்பதற்குள் அவர் கை சட்டைப்பைக்குப் போய்விடும். நாலாக மடித்த தாளும் மூடி கழற்றிய பேனாவும் வெளியே வரும். "சரிங்க சார். அதை இதுல எழுதிக் குடுத்துடுங்க." விளக்கு மாற்றச் சொன்னாலும் இதே பாட்டுதான். வீட்டில் மனைவி சோப்பு வாங்கி வரச் சொன்னாலும் தாள் நீளும். அவளும் சலிக்காமல் 'சோப்பு ரெண்டு' என்று எழுதித் தேதி போட்டுக் கொடுக்கிறாள். தொழிற்சாலையில் அவர் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் எழுதிக்குடு அண்ணன்.

ஐம்பத்து மூன்று வயது. மோட்டார் பக்கம் இடது காதைச் சாய்த்துக் கேட்டுக் கேட்டுக் கழுத்தே ஒரு பக்கம் கோணிவிட்டது. அந்தக் கோணலோடு அவர் உங்களைப் பார்க்கும்போது, உங்களுக்குள்ளும் ஏதோ தேய்ந்துபோயிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாரோ என்று தோன்றும்.

மோட்டார்களுக்குக் காவல் வைப்பது அவர் தொழில். ஒவ்வொரு மோட்டாருக்கும் பேனலில் ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. மோட்டார் அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்தால் அந்தப் பெட்டி இணைப்பைத் துண்டித்துவிடும். எவ்வளவு இழுக்கலாம், எத்தனை நொடி பொறுக்கலாம் என்று அதற்குள் எண் போட்டு வைப்பவர் அவர். குறைத்துப் போட்டால் கிளம்பும்போதே மோட்டார் நின்று தொலைக்கும். கூட்டிப் போட்டால் உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். மோட்டாரின் தகட்டில் பொறித்திருப்பதை மட்டும் நம்பி அவர் எண் போடுவதில்லை. ஓடவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நிற்பார். "ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம் சார். இந்தக் காத்தாடி மோட்டாரு எந்திரிக்கவே பதினோரு செகண்டு எடுத்துக்கும், சோம்பேறி. எட்டுல வெட்டிவிட்டா பாவம் அது என்ன பண்ணும்?"

மோட்டார் அடிக்கடி நின்றால் மற்றவர்கள் ரிலேயைத் திட்டுவார்கள். அவருக்குக் கோபம் வந்துவிடும். "வலிக்குதுன்னு கத்துது. வாயைப் பொத்துனா வலி போயிடுமா?"

அப்படிக் கேட்டவரே ஒரு தடவை பொத்தினார்.

நாலு வருடம் இருக்கும். குளிர்நீர் பம்பின் மோட்டார் ஒரே நாளில் மூன்று தரம் நின்றது. பேரிங் போய்விட்டது, மாற்ற ஆறு மணி நேரம் வேண்டும் என்றார். உற்பத்தி மேலாளர் அவர் தோளில் கைபோட்டுக்கொண்டார். "அண்ணே, இந்த லோடு மட்டும் போயிடட்டும். ஒரு அஞ்சு ஏத்தி விடுங்க. நான் இருக்கேன்ல?" ரிலேயின் வரம்பு நூற்றைந்து சதவீதத்திலிருந்து நூற்றுப்பத்தானது. அடுத்த வாரம் நூற்றிருபது. அந்த லோடு போனது, இன்னொரு லோடு வந்தது. மூன்றாம் முறை மனசு கேட்கவில்லை. ஆனாலும் ரிலேயைத் திறக்கும் தன் பாஸ்வேர்டைப் போட்டு எண்ணை ஏற்றினார்.

ஒரு வியாழக்கிழமை மதியம் மோட்டார் புகைந்தது. பக்கத்துச் சுவிட்சை அணைக்க ஓடியவன் ஃபிட்டர். அவர் மனைவியின் தம்பி. பத்துப் பேரைப் பார்த்து அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அவன் கை சுவிட்சைத் தொடுமுன் மோட்டாரின் இணைப்புப் பெட்டி வெடித்தது. வலக்கை முழங்கைவரை வெந்தது. ஒரு கண் போனது.

விசாரணை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ரிலேயின் நினைவில் எல்லாம் பதிவாகியிருந்தது: தேதி, நேரம், பழைய எண், புதிய எண், அவருடைய பாஸ்வேர்டு. 'நான் இருக்கேன்ல' மட்டும் எங்கேயும் பதிவாகவில்லை. "பாத்துச் செய்யுங்கன்னுதான் சொன்னேன்" என்றார் மேலாளர். அண்ணனுக்குப் பாஸ்வேர்டு பறிபோனது; அதற்கப்புறம் அவர் கணித்துச் சொல்லும் எண்ணை ஒரு என்ஜினியர்தான் உள்ளே போடுவார். மேலாளர் பொது மேலாளரானார்.

மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள். "முடியாதுன்னு சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?" அப்புறம் கேட்கவே இல்லை. மச்சான் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். "விடுங்க மாமா, உங்க மேல என்ன தப்பு?" என்பான். அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். தாளும் பேனாவும் அதற்கப்புறம் வந்து சேர்ந்தவை. அவற்றின் லட்சணமும் அவருக்குத் தெரியும். "எழுதி வாங்கியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன் சார். அவன் கண்ணு தப்பிச்சிருக்குமா?"

போன மாதம் அரவை மோட்டார் அடிக்கடி நிற்க ஆரம்பித்தது. பேரிங்தான் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தார். இரண்டும் 'பார்த்தேன்' என்ற கையெழுத்தோடு திரும்பி வந்தன. பொது மேலாளரே நேரில் வந்தார். "என்னண்ணே, கொஞ்சம் ஏத்திவிட்டா ஓடிடும்ல?" மடித்த தாள் நீண்டது. பொது மேலாளர் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று பேனல் அறைக்குள் நுழைந்தார். இப்போது பாஸ்வேர்டு வைத்திருக்கும் என்ஜினியர் பின்னாலேயே போனார். இரண்டே நிமிடம். மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது.

அந்த மோட்டாரை ஒட்டி ஒரு நீள இரும்பு பெஞ்சு கிடந்தது. மூட்டை தைக்கும் பெண்கள் அதில்தான் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் சற்று நேரம் இருந்தது. அண்ணன் பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்துத் தரையில் கிறீச்சிட இழுத்தார். "என்னண்ணே, எங்க எடத்தை எங்க கொண்டு போறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். அவர் எதிர்ச்சுவர்த் தூணுக்குப் பின்னால் பெஞ்சைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, சாப்பாட்டுத் தூக்குகளை இரண்டிரண்டாக எடுத்துப் போய் அதன்மேல் வரிசையாக வைக்கத் தொடங்கினார்.