கைக்குப் பழகிய குதிரை

கணவர் இறந்த மறு வருஷம், அரூர் பக்கம் ஓர் ஏரியில் மேயவிட்டிருந்த மட்டக்குதிரைகளை வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து வரும் வேலையை ஏற்றுக்கொண்டேன். சம்பளம் கிடையாது. செங்கல் சூளைகளில் பாரம் இழுத்துக் கைவிடப்பட்ட ஏழு குதிரைகள் அவை. பஞ்சாயத்தில் கேட்டு அவற்றை அங்கே விட்டவர் ஒரு கால்நடை மருத்துவர். குதிரைகள் மேய்ந்தால் ஏரியில் கோரை மண்டாது, பறவைகள் திரும்ப வரும் என்று நம்பினார்.

முதல் நாளே சொல்லிவிட்டார். "தூரமா நின்னு எண்ணுங்க. நொண்டுதா, காயம் இருக்குதான்னு பாத்து நம்ம வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. தொடாதீங்க, தீனி போடாதீங்க. ஆளுங்களத் தேடிப் பழகிடுச்சின்னா ரோட்டுக்கு வந்துரும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் தருமபுரியிலிருந்து பஸ்ஸில் போவேன். பத்து நிமிஷ வேலைதான். ஆனாலும் சாயங்காலம் வரை ஏரிக்கரையிலேயே உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்குப் போனால், யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்று டிவியைப் போட்டுவிட்டுச் சமையலறையில் நிற்க வேண்டும்.

ஒருநாள் நெற்றியில் வெள்ளை விழுந்த பெண் குதிரை ஒன்று, புல்லை விட்டுத் தலை தூக்கி வெகுநேரம் என்னைப் பார்த்தது. அடுத்த வாரம் பையில் இரண்டு கேரட் எடுத்துப் போய்க் கரையில் வைத்துவிட்டு விலகி நின்றேன். மூன்றாம் வாரம் என் கையிலிருந்தே வாங்கித் தின்றது. உள்ளங்கையில் அதன் மூச்சு சுட்டது. யாரும் என்னைத் தொட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. குரூப்பில் 'ஏழும் நலம்' என்று மட்டும் போட்டேன்.

அதன்பின் நான் கரையேறினாலே ஓடி வந்தது.

தீர்த்தமலைக் கோயிலுக்குக் கூட்டம் போன ஒரு நாள் மருத்துவர் போன் செய்தார். ரோட்டோரம் வேனை நிறுத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் அது போயிருக்கிறது. அவர்கள் விரட்ட, மிரண்டு ஓடி ஒரு பைக்கில் மோதிக்கொண்டது. ஓட்டியவருக்குச் சிராய்ப்பு. குதிரைக்கு முன்னங்காலில் அடி.

நான் போனபோது மருத்துவர் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் குதிரையின் தலையைப் பிடித்திருந்தார்.

"எவன் பழக்குனானோ," என்றார் மருத்துவர்.

"நான்தாங்க சார். கேரட் குடுத்தேன்."

அவர் கட்டின் முடிச்சை இறுக்கினார். அந்த அம்மாதான் கேட்டார். "எதுக்குங்கம்மா குடுத்தீங்க?"

"கிட்ட வரட்டும்னு."

"வூட்ல யாரும் இல்லீங்களா?"

"இல்லீங்க."

அவர் குதிரையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார்.

கால் தேறியது. ஆனால் திரும்ப ஏரியில் விட முடியாது என்று, மொரப்பூர் பக்கம் வேலி போட்ட ஒரு தோட்டத்தில் சேர்த்தார்கள். என்னைக் குரூப்பிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன்.

"வர்றதுக்கு வேற ஆளு யாருங்க இருக்காங்க?" என்றார் மருத்துவர். "வாங்க. தூரமா நில்லுங்க."

இப்போதும் போகிறேன். ஆறு குதிரைகளும் என் பக்கம் திரும்புவதில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். எண்ணிப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுகிறேன். பஸ் மொரப்பூரில் நின்றுதான் போகும். ஒருமுறைகூட நான் அங்கே இறங்கியதில்லை. போய் நின்றால் அது வேலிவரை ஓடி வரும் என்று எனக்குத் தெரியும்.