கையெழுத்துப் போடாத கடிதங்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கால் சென்டரில் நான் மனிதவள அதிகாரி. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுதென்று கூப்பிடுகிறவர்களிடம் பேசுவது எங்கள் பெண்களின் வேலை. அவர்கள் பேச்சைக் கேட்டு மதிப்பெண் போட ஓர் ஏஐ மென்பொருள் வந்தது. இரண்டே மாதத்தில் மேலாளர் ஒன்பது பேருக்கான பணிநீக்கக் கடிதங்களை என் மேஜையில் வைத்தார். நான் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் கடிதம் குமணன்சாவடியிலிருந்து வரும் பெண்ணுக்கு. ஆறு வருடமாக இருப்பவள். காரணம், ‘மரியாதைக் குறைவு’. கூப்பிட்டுக் கேட்டேன்.

“நான் யாரையும் திட்னதே இல்ல மேடம். இன்னா தப்பு பண்ணேன்னு நீங்களாச்சும் சொல்லுங்க.”

கடிதத்தில் அதற்குமேல் ஒரு விவரமும் இல்லை. மென்பொருள் வேண்டுமென்று தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி. அது எப்படி மதிப்பெண் போடும் என்று அன்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மதியம் சாப்பிடப் போகாமல் அவளுடைய அழைப்புகளைக் கேட்டேன். மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கிய அழைப்பில், ஆவடியிலிருந்து ஒரு பெரியவர் பதறுகிறார். ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது, உள்ளே இன்சுலின்.

“பயப்படாத நைனா. மருந்த ஐஸ்ல வெச்சிடாத, கெட்டுடும். ஊட்ல மண்பானை கீதா?”

“கீதும்மா.”

“கவர்ல இறுக்கிக் கட்டி பானைத் தண்ணில வை. மெக்கானிக் வந்துகினே கீறாரு.”

“நல்லா இரும்மா” என்று சொல்லித்தான் அவர் போனை வைத்தார். மென்பொருளின் காதில் விழுந்தது அவள் ஒருமையில் பேசியது மட்டும்தான்.

மேலாளருக்கு அதைப் போட்டுக் காட்டினேன்.

“சிஸ்டம் சொல்லுது. நாம என்ன பண்றது?” என்றார்.

“இவங்கள வேலைக்கு எடுத்தது சிஸ்டம் இல்ல சார், நான். ஒன்பது பேர் பேசினதையும் அவங்கள பக்கத்துல வெச்சுக்கிட்டு நாம கேட்கணும். அதுவரைக்கும் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“அப்ப பத்தாவதா உங்களுக்கும் ஒரு கடிதம் அடிக்கணும்.”

“அடிங்க சார்.”

ஒன்பது கடிதங்களையும் எடுத்து என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

என் கையெழுத்து இல்லாமல் கடிதங்கள் செல்லாது என்பதால் மேலாளர் இறங்கி வந்தார். அந்தப் பெண்களையும் வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்து கேட்டோம். ஏழு பேர்மேல் தவறே இல்லை. இரண்டு பேர் உண்மையிலேயே வாடிக்கையாளரை ஏசியிருந்தார்கள். அவர்களுக்கு நானே எச்சரிக்கை கொடுத்தேன். ஆள் உட்கார்ந்து கேட்காமல், மதிப்பெண்ணை மட்டும் வைத்து யாரையும் அனுப்பக் கூடாது என்று விதியும் எழுத வைத்தேன்.

வருடக் கடைசியில் எனக்குப் பதவி உயர்வு வரவில்லை. என் மதிப்பீட்டுப் படிவத்தில் ‘நிர்வாகத்துடன் ஒத்துழைப்பு போதாது’ என்று எழுதியிருந்தார்கள். கீழே ஊழியர் பதிலுக்கு ஒரு கட்டம் இருந்தது. ‘இனியும் அப்படித்தான்’ என்று எழுதிக் கொடுத்தேன்.