இல்லாத கூடையின் எடை

வாட்டப்போட்ட தேயிலையின் பச்சை வாசம் எங்கே வந்தாலும் எனக்கு இன்றும் எரிச்சல்தான் மூள்கிறது. எழுபதுகளின் கடைசியில், இடுக்கி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பெண்கள் கிள்ளிய இலையின் எடையைக் கோவையில் இருந்த கம்ப்யூட்டர் கூட்டித் தரும். இலையைக் கூடையோடு நிறுத்ததால், ஒவ்வொரு நிறுவையிலும் கூடையின் எடையைக் கழிக்கச் சொல்லி எழுதியிருந்தேன். ஒரு பிழைகூட இல்லை.

பிறகு தோட்டத்தில் கூடையை விட்டுவிட்டுச் சாக்குக்கு மாறினார்கள். சாக்கு காற்றுப் போல லேசு. கம்ப்யூட்டரோ இல்லாத கூடையை விடாமல் கழித்துக்கொண்டிருந்தது. இலை குறைகிறதென்று பெண்களுக்கு ஏச்சு. ஒருத்திக்கு வேலையே போகும் நிலை.

மலையேறிப் போய், மாற்றி எழுத வேண்டும் என்று மானேஜரிடம் சொன்னேன்.

"சரியா இருக்குன்னுதானே அன்னிக்குக் கொடுத்தீரு?"

"அன்னிக்குக் கூடை இருந்துச்சு சார்."

"ஓடுறதை எதுக்குய்யா நோண்டணும்? கட்டின பாலத்தை வருஷா வருஷம் இடிச்சுக் கட்டுவாங்களா?"

"ஆறே இடம் மாறிட்டா?" என்றேன். அவர் ஃபைலை மூடிவிட்டார்.

கீழே இறங்க ஜீப்புக்காக நின்றேன். வேலை போக இருந்த அந்தப் பெண், சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"மழை பிடிக்கட்டும் சார். நனைஞ்ச சாக்கு கூடையைவிடக் கனக்கும். அந்தத் தண்ணிக்கும் இலைன்னு கூலி கொடுக்கணும். கம்பெனிக்கு நட்டம்னா அன்னிக்கே உங்களைத் தேடி ஆள் வரும், பாருங்க."