யார் அடுப்புக்குக் கருப்பம்மாள்?

மானகிரிக் கருப்பம்மாளிடம் வேலைக்காரிக்கு வேண்டிய குணம் எல்லாம் இருந்தது. கோழி கூவுமுன் எழுந்துவிடுவாள். ஒரு வேலையை இரண்டாம் தடவை சொல்ல வைக்கமாட்டாள். பெருக்கும்போது மூக்குத்தித் திருகு கிடைத்தால்கூட முந்தானையில் முடிந்துவைத்து, உரியவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். இத்தனை இருந்தும் கிடைத்த வேலையைத் தொலைத்தாள் என்றால், பழியைத் தலையெழுத்தின் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. அவள் வாய்தான் காரணம். அவளைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாள், மேற்கொண்டு ஒரு வார்த்தை வராது. மீதியெல்லாம் அவள் வேலை பார்த்த வீட்டு மருமகள் அகிலாண்டம் ஆச்சி பிற்காலத்தில் எனக்குச் சொன்னது.

நம்மூர்க்காரர்களுக்கு ரங்கூனில் தொழில் கொழித்த காலம் அது. கருப்பம்மாளின் புருஷன் மலையாண்டி பனையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டான். இருந்த துண்டு நிலமோ வானம் பார்த்தது. காரைக்குடியில் மெய்யம்மை ஆச்சி வீட்டில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, விடியுமுன் நடந்து வந்து வாசலில் நின்றாள்.

அந்த வீட்டில் மூன்று மருமக்கள். மகனுக்குக் கலியாணமானதும் வேறு வைத்துவிடுவது செட்டிமார் வழக்கம். வேறு என்றால் வேறு வீடு அல்ல. அதே வீடு, நடுவில் வளவு என்கிற அதே முற்றம், அடுப்பு மட்டும் தனி. அரிசி பருப்பைப் பெரியவர்கள் அளந்து கொடுத்துவிடுவார்கள், அப்புறம் அவரவர் சமர்த்து. புருஷன்மார் மூவரும் கடல் தாண்டிப் போயிருக்க, மூத்தவள் சாலா ஒரு மூலையிலும், அகிலாண்டம் ஒரு மூலையிலும், புதிதாக வந்த நாச்சியார் ஒரு மூலையிலும் தனித்தனியே உலை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கூரையின் கீழ் மூன்று அடுப்பு எரிந்தால், ஒவ்வொன்றுக்கும் மற்ற இரண்டின் மேல்தான் கண் இருக்கும். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

"தைப்பூசம் வரைக்கும் மூணு பேருக்கும் பொதுவா வேலை பாரு. பூசம் கழிச்சு மூணு பேருல ஒருத்தி ஒன்னய நெரந்தரமா வச்சுக்கிருவா. வயித்துப்பாட்டுக்கு அப்புறம் கவலையில்ல" என்றார் மெய்யம்மை ஆச்சி.

கருப்பம்மாள் பம்பரமாய்ச் சுழன்றாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பயம். பெருக்கவும் அரைக்கவும் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், தன்னை மட்டும் இவர்களுக்கு எப்படிப் பிடிக்கும்? ஒருநாள் சாலா, சும்மா கேட்பதுபோல், "அங்குட்டு என்ன சமையல்?" என்று கேட்டாள். கருப்பம்மாள் சொன்னாள். சாலா முகம் மலர்ந்து, கை நிறையப் பலகாரம் கொடுத்தாள். பிடித்துப்போக வழி தெரிந்துவிட்டது என்று இவளுக்குத் தோன்றியது. அட, கூறு கெட்டவளே என்று எனக்கு இப்போதும் கத்தத் தோன்றுகிறது.

நாச்சியார் அம்மியில் அரைத்துக்கொண்டே ஆத்தாளை நினைத்து அழுததைச் சாலாவிடம் சொன்னாள். சாலா புருஷனைப் பற்றி முணுமுணுத்ததை அகிலாண்டத்திடம் சொன்னாள். எல்லோரும் ஆவலாய்க் கேட்டார்கள், கேட்டுவிட்டு உபசரித்தார்கள். தன்னைப் பிடித்துவிட்டது என்று அவள் நம்பினாள். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பூசத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் அகிலாண்டத்தின் பிறந்த வீட்டார் வருவதாக இருந்தது. அவள் கந்தரப்பம் சுட உட்கார்ந்தாள். மாவு பக்குவம் தப்பி, ஊற்ற ஊற்ற எண்ணெயில் பிரிந்து போயிற்று. அகிலாண்டத்துக்கு அழுகை வந்துவிட்டது.

"கருப்பம்மா, இந்த மாவை மாட்டுக்கு ஊத்திட்டு வந்துரு. ஒருத்தருக்கும் தெரியக் கூடாது, என்னா?"

"நான் ஏன் ஆச்சி சொல்லப்போறேன்" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனவள், திரும்பும் வழியிலேயே சாலாவிடம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் விருந்தாளிகள் வளவில் உட்கார்ந்திருந்தார்கள். சாலா சிரித்தபடி, "அகிலாண்டம், நம்ம மாடு கந்தரப்பம் நல்லா இருக்குன்னு சொல்லுச்சா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அகிலாண்டத்தின் அம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். தூணோரம் தண்ணீர்ச் செம்போடு நின்ற கருப்பம்மாளை அகிலாண்டம் ஏறிட்டுப் பார்த்தாள். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. கருப்பம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

பூசம் கழிந்தது. மெய்யம்மை ஆச்சி கூப்பிட்டார்.

"மூணு பேரையும் கேட்டேன். ஒன் வேலையில ஒருத்தியும் கொறை சொல்லல. ஒன்னைய மாதிரி ஆளு கெடைக்காதுன்னுதான் சொல்றாளுக. ஆனா மூத்தவ, அகிலாண்டத்துகிட்ட விடுங்கங்கிறா. அகிலாண்டம், நாச்சியாருகிட்ட விடுங்கங்கிறா. நாச்சியா, பெரியக்காகிட்ட இருக்கட்டுங்கிறா. ஏன்னு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியிருக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், அது கெட்டபிறகுதான் நுணலுக்குப் புரியும். கருப்பம்மாள் கும்பிட்டுவிட்டு வெளியேறினாள். மானகிரி போய்ச் சேரும்வரை எதிரே வந்த ஒருவர் முகத்தையும் அவள் பார்க்கவில்லை.

"ஏன் நிப்பாட்டிட்டாக?" என்று மலையாண்டி கேட்டான்.

"எம்மேலதான் தப்பு."

"என்ன தப்பு?"

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இடுப்பொடிந்த மனுஷனிடம், உன் கஞ்சியை என் நாக்கு நக்கிக்கொண்டு போய்விட்டது என்று எப்படிச் சொல்லுவாள்?

அதன்பின் வீடு கட்டுமிடங்களில் சுண்ணாம்பு சுமந்தாள். கை வெந்தது. அங்கே வேலை செய்த பெண்களுக்குப் பெரிய வீட்டுக் கதை என்றால் வெல்லம். "அந்த வீட்டு மருமக்கமாரு எப்படிடி?" என்று கிண்டிக்கொண்டே இருப்பார்கள். நிறுத்தப்பட்ட வேலைக்காரி வீட்டு மானத்தை வீதியில் இறைப்பாள் என்றுதான் மூன்று மருமக்களும் பயந்து காத்திருந்தார்கள். மாட்டுக் கதை என்றைக்கு ஊர் சுற்றி வரும் என்று அகிலாண்டத்துக்குத் தூக்கமே இல்லை. நாள் போயிற்று, வருஷம் போயிற்று. எந்த வாயிலிருந்தும் அது வரவில்லை.

நாச்சியாரின் தலைப்பிள்ளைக்குக் காதுகுத்து வந்தபோது, வேலைக்கு ஆள் போதாமல் கருப்பம்மாளுக்கும் சொல்லியனுப்பினார்கள். வர மாட்டேன் என்றுதான் சொன்னாள். மலையாண்டிதான் விரட்டி அனுப்பினான். வந்தவள் தலைநிமிராமல் பாத்திரம் துலக்கினாள். அகிலாண்டம் இருந்த பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை.

சாலா பக்கத்தில் வந்து குனிந்து, பழைய குரலில், "அகிலாண்டம் அடுப்புல என்ன பாத்த?" என்று கேட்டாள்.

கருப்பம்மாளின் முகத்தில் ரத்தம் ஏறியது. தேய்த்த கை நின்றது.

"தீ எரிஞ்சுச்சு ஆச்சி" என்றாள்.

"அது தெரியாதாக்கும்! வேற?"

"வேற ஒண்ணும் பாக்கல ஆச்சி. என்னைய விட்ருங்க."

கதவுக்குப் பின்னால் அகிலாண்டம் நின்றிருந்தாள். சாலா போனதும் மெல்ல வெளியே வந்தாள். கருப்பம்மாள் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "ஆச்சி, அன்னைக்கி..." என்று தொடங்கினாள்.

"அன்னைக்கிக் கதையை விடு. நாளைலருந்து எங்கிட்ட வந்துரு" என்றாள் அகிலாண்டம். "எங்க அம்மா வாராக. கந்தரப்பம் சுடப்போறேன். இந்தத் தடவையும் பிரிஞ்சு போச்சுன்னா, மாட்டுக்கு நீதான் கொண்டுபோய் ஊத்தணும்."

கருப்பம்மாள் சாம்பல் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.