அடுத்த அறைக்குக் கேட்காத பாட்டு

ஆவுடைச்செல்வி கல்யாணமாகி ஸ்ரீவைகுண்டத்துக்கு வந்தபோது சீர்ச் சாமான்களோடு ஒரு கிட்டாரும் வந்தது. பானை, குத்துவிளக்கு, மெத்தை எல்லாம் வேனிலிருந்து இறங்கிய பிறகு கடைசியாக அது இறங்கியதைப் பார்த்து தெருக்காரர்கள் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள் அவள். கிட்டார் அங்கே கற்றதுதான். கல்லூரி ஆண்டுவிழாவில் மைக் பழுதானபோது, மைக் இல்லாமலே கடைசி வரிசைவரைக்கும் கேட்கும்படி பாடி முடித்தவள் என்று அவளைப் பற்றி அவள் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள்.

கணவன் ஐயம்பெருமாளுக்குத் தூத்துக்குடியில் கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை. காலை பஸ்ஸில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவான். மாமியார் முன்பே இறந்துவிட்டிருந்தாள். மாமனார் வைத்தியலிங்கம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். காலையில் ஆற்றுக் குளியல், மாலையில் கோயில், இரண்டுக்கும் நடுவே பேப்பர் என்று இருந்தவர். மருமகள் பாடினால், “சுருதி நல்லாருக்கு தாயி” என்று மட்டும் சொல்வார்.

கல்யாணமான மறு வருஷம் அவர் ஆற்றங்கரைப் படியில் விழுந்தார். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விளங்காமல் போய்விட்டன. நாக்கு குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தபோது, அவருக்குச் சத்தமும் அதிர்ச்சியும் ஆகாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவருக்கே சத்தம் பொறுக்கவில்லை. குக்கர் விசில் அடித்தால் முகம் கோணும். கதவு அறைந்து சாத்தினால் அழுதுவிடுவார். இருபத்தேழு வருஷம் வகுப்பறையில் குரல் கொடுத்தவர் இப்படி ஆனார்.

அவரால் ஆளைக் கூப்பிட முடியாது. ஆகவே இரும்புக் கட்டிலின் பக்கத்தில் ஒரு பித்தளை டம்ளரை வைத்தார்கள். இடது கையால் அதை எடுத்துக் கட்டில் கம்பியில் தட்டினால் ஆவுடை ஓடி வர வேண்டும். தண்ணீருக்கு, திரும்பிப் படுக்க, ஈ விரட்ட, சில நேரம் காரணமே இல்லாமல். அன்றிலிருந்து அவளுடைய உலகம் அந்த டம்ளர்ச் சத்தம் கேட்கிற தூரம்தான். கொல்லைக் கிணறு வரைக்கும் கேட்கும். தெருக்குழாயில் கேட்காது. அதனால் தெருக்குழாய்க்கு வீட்டு வேலைக்கு வரும் செல்லக்கிளி போனாள். கோயிலில் கேட்காது. அணைக்கட்டில் கேட்காது. பாளையங்கோட்டை சொல்லவே வேண்டாம்.

யாரும் அவளைக் கொடுமை செய்யவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கோபப்பட ஆளில்லை. ஐயம்பெருமாள் இரவில் வந்து, “நீ இல்லன்னா எங்க நெலமை என்ன ஆவும், சொல்லு” என்பான். நிஜமாகவே கண் கலங்கிச் சொல்வான். அதற்கு மேல் அவள் என்ன பேச முடியும்?

தொண்ணூற்று இரண்டில் மீனு பிறந்தாள். பகலில் தூங்காத பிள்ளை. அழுதால் பக்கத்து அறையில் டம்ளர் தட்டும். டம்ளர் தட்டினால் பிள்ளை இன்னும் அழும். இரண்டு சத்தத்துக்கும் நடுவில் ஒரு மத்தியானம் ஆவுடை சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாய்க்குள் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த செல்லக்கிளி பார்த்துவிட்டு, கையைக் கழுவி, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“தாயி, பாடத் தெரிஞ்ச ஆளுதான நீங்க? பிள்ளைக்கி ஒண்ணு பாடுனா என்ன?”

“மாமாவுக்குக் கேட்டுருமே.”

“கேக்காம பாடுங்க. பைய.”

பரணில் இருந்த கிட்டார் அன்று இறங்கியது. கம்பிகளுக்கு அடியில் பழைய துண்டு ஒன்றை மடித்துச் செருகினாள். நகம் படாமல் கட்டைவிரல் சதையால் மட்டும் மீட்டினாள். கம்பி அதிராமல் தொம், தொம் என்று மெத்தையில் மழைத்துளி விழுகிற மாதிரி ஒலி வந்தது. குரலைத் தொண்டையைத் தாண்ட விடாமல் உதட்டிலேயே வைத்துக்கொண்டாள். கற்ற பாட்டு ஒன்றும் அந்தச் சின்னக் குரலில் நிற்கவில்லை. எதிரே சீனி டப்பாவைச் சுற்றி எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. அதையே பாடினாள்.

*எறும்பே எறும்பே பையப் போ*
*எங்க பாப்பா தூங்குது*
*சீனி டப்பா மூடலே*
*சிந்தாமத்தான் தூக்கிப் போ*

மீனு கண்ணை அகலத் திறந்து கேட்டாள். பிறகு தூங்கினாள். செல்லக்கிளியும் சுவரில் சாய்ந்தபடியே கண் மூடிவிட்டாள். விடியற்காலையிலிருந்து வாழைத்தோட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்தவள்.

இப்படித்தான் பாட்டுகள் வந்தன. சுவர்ப் பல்லிக்கு ஒன்று, கிணற்று வாளிக்கு ஒன்று, வாழை இலையில் ஒதுங்கும் தவளைக்கு ஒன்று. பிள்ளைக்காகப் பாடியதுதான். ஆனால் அந்த அரை மணி நேரம்தான் நாளில் அவளுக்கென்று இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. செல்லக்கிளி மட்டும் பாட்டு நேரத்துக்குப் பாத்திரங்களைக் கல்லில் வைக்காமல் கொல்லை மண்ணில் வைத்துச் சத்தமில்லாமல் துலக்குவாள்.

ஒருநாள் பாட்டு நடுவில் டம்ளர் தட்டியது. ஆவுடை கிட்டாரை அப்படியே பாயில் போட்டுவிட்டு ஓடினாள். அவருக்குக் கேட்டுவிட்டது என்று நினைத்தாள். வைத்தியலிங்கம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“தண்ணி வேணுமா மாமா?”

தலையசைத்தார். வேண்டாம்.

“திரும்பிப் படுக்கணுமா?”

அதுவும் இல்லை. குழறிக் குழறி, ஒவ்வொரு சொல்லாக இழுத்துக்கொண்டு வந்தார். “நேத்து… வாளிப் பாட்டு. இன்னைக்கி… ஏன்… பாடல?”

அவர் தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இவ்வளவு காலமும் அடுத்த அறைக்குக் கேட்காது என்று அவள் நினைத்துப் பாடியதை.

அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கிட்டாரை அவர் அறைக்குக் கொண்டுபோய்ப் பாடினாள். அவர் வாய் ஓரம் எச்சில் வழியச் சிரித்தார். ஆனால் ஒரு வாரத்தில் அந்தச் சந்தோஷம் கரைந்துவிட்டது. பாட்டு இல்லாமல் அவர் சாப்பிட மறுத்தார். எறும்புப் பாட்டு முடிந்ததும் டம்ளர். திரும்பவும் எறும்புப் பாட்டு. மீனுகூட அப்படி அடம் பிடித்ததில்லை. அவளுக்கென்று இருந்த அரை மணி நேரமும் அந்த இரும்புக் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தது. பாடிக்கொண்டே ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பாள். யாராவது குடையைப் பிடித்துக்கொண்டு சும்மா நடந்து போவார்கள். அதைப் பார்த்தாலே பொறாமையாக இருக்கும்.

தொண்ணூற்று நாலில், வைத்தியலிங்கத்திடம் படித்த ஹரிநாராயணன் அவரைப் பார்க்க வந்தார். திருநெல்வேலி வானொலியில் வேலை பார்ப்பவர். அவர் இருக்கும்போதே டம்ளர் தட்டியது. ஆவுடை கூச்சத்தோடு பாடினாள். ஹரிநாராயணன் கையில் இருந்த காப்பி ஆறிப்போனது.

“இது யார் எழுதுன பாட்டும்மா?”

“எழுதல்லாம் இல்ல சார். சும்மா வாய்க்கு வந்தது.”

“சிறுவர் நிகழ்ச்சிக்கு வந்து பாடுங்க. ஒரு நாள் வந்தாப் போதும்.”

இரவில் ஐயம்பெருமாளிடம் சொன்னாள். அவன் யோசித்தான். “போகலாம், தப்பில்ல. ஆனா அப்பாவப் பாக்கது யாரு?” வாசலில் புறப்பட நின்ற செல்லக்கிளி, “நான் செத்தா போயிட்டேன் தம்பி? ஒரு நாள் தோட்டத்துக்குப் போவல, இங்கன இருக்கேன்” என்றாள். அப்படித்தான் முடிவானது.

பஸ் அணைக்கட்டுப் பாலத்தைக் கடந்தபோது ஆவுடை வீட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். செய்துங்கநல்லூர் வரைக்கும் டம்ளர் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கண்டக்டர் பையில் சில்லறை குலுங்கினால்கூட எழுந்திருக்கப் பார்த்தாள்.

ஒலிப்பதிவு அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “அந்தத் துணிய எடுத்துட்டு, கொஞ்சம் சத்தமாப் பாடுங்கம்மா” என்று கேட்டார்கள். துண்டை உருவினாள். வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. இன்னொரு தடவை. உடைந்தது. மைக் இல்லாமல் ஒரு மண்டபத்துக்கே பாடியவளுக்கு இப்போது எவ்வளவு முயன்றும் குரல் உதட்டைத் தாண்டவில்லை. வீட்டை விட்டு வந்தும் வீடு கூடவே வந்திருந்தது. அது அவளுக்கு அந்த இடத்தில், அந்த நிமிஷம் புரிந்தது. நாற்காலியை விட்டு எழுந்து, “என்னால முடியாது சார், நான் போறேன்” என்றாள்.

ஹரிநாராயணன் உள்ளே வந்தார். மைக்கை அவள் உதட்டருகே நகர்த்தி வைத்தார். துண்டை அவர் கையாலேயே மடித்துக் கொடுத்தார். “வீட்ல பாடுன மாதிரியே பாடுங்க. யாரையும் எழுப்பாம.”

அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஒலிபரப்பானபோது செல்லக்கிளி டீக்கடை வாசலில் நின்று கேட்டாள். பெண்களுக்கு அங்கே நிற்கிற வழக்கம் இல்லை. அவள் நின்றாள். சரியாகக் கேட்கவில்லை என்று கடைக்காரர் சத்தத்தைக் கூட்டினார். பிறகு எல்லோரும் பேச்சைக் குறைத்தார்கள். வடைச்சட்டியைக்கூட அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார்கள் என்று வந்து சொன்னாள். பெரிய மீசைக்காரர்கள் எறும்புப் பாட்டைத் தலை குனிந்து கேட்டதை அவள் பல நாள் சொல்லிச் சிரித்தாள்.

திரும்பவும் கூப்பிட்டார்கள். ஆவுடை போகவில்லை. ஒலிப்பதிவுக்குப் போன அன்றைக்கு அவள் வரும்வரை மாமனார் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் கிடந்தார். ஐயம்பெருமாள் எதுவும் சொல்லவில்லை. அவன் சொல்லாததே போதுமாக இருந்தது.

ஹரிநாராயணன் பாட்டுகளை ஒரு கேசட்டில் பதிந்து கொடுத்தனுப்பினார். மத்தியானங்களில் கட்டிலருகே டேப் ரெக்கார்டரில் அதைப் போட்டாள். வைத்தியலிங்கம் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் பழகிவிட்டது. ஒருநாள் கேசட் ஓடிக்கொண்டிருந்தபோது, மீனு தூங்கியிருந்தாள், செல்லக்கிளி கொல்லையில் இருந்தாள். ஆவுடை செருப்பைக்கூடப் போடாமல் வாசலைத் தாண்டினாள். தெருக்குழாய். கோயில் மதில். அணைக்கட்டு. ஐப்பசி மழைக்குப் பிறகு ஆறு செம்மண் நிறத்தில் நிறைந்து போனது. படியில் இறங்கி முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றாள். யோசிக்கக்கூட இல்லை. நின்றாள், அவ்வளவுதான்.

நினைவு வந்தபோது கேசட் முடிந்திருக்கும் நேரம் தாண்டிவிட்டது. ஓடினாள். மூச்சிரைக்க உள்ளே வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. கேசட் எப்போதோ நின்றிருந்தது. வைத்தியலிங்கம் விழித்துத்தான் கிடந்தார். டம்ளரைத் தொடவில்லை. நனைந்த அவள் சேலைக் கரையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஆத்துல… தண்ணி… எவ்வளவு போவுது?”

ஆவுடை சேலைக் கரையைப் பிழிந்தபடியே சொன்னாள். “நெறையப் போகுது மாமா. நாலாவது படி வரைக்கும் வந்திருக்கு.”

“நாலாவது… படியா!” என்றார். அவர் விழுந்த படி அது. கண்ணை மூடிக்கொண்டார். ஆற்றை மனதில் பார்க்கிறார் என்று தெரிந்தது. அந்தக் கட்டிலில் தன்னைப் போலவே இன்னொருவரும் மாட்டிக்கொண்டு கிடக்கிறார் என்பதை இத்தனை வருஷத்தில் அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

மறுநாள் மத்தியானம் டேப் ரெக்கார்டரைத் தன் இடது கைக்கு எட்டும்படி வைக்கச் சொன்னார். விரல் நடுங்கப் பொத்தானைத் தேடி அமுக்கினார். பாட்டு தொடங்கியது. வாசலைக் கையால் காட்டினார்.

“நீ போ. நான்… கேக்கேன்.”

அதற்குப் பிறகு தினமும் கேசட் ஓடும் நேரம் அவளுடையது. திரும்பி வந்ததும், என்ன பார்த்தாய் என்று கேட்பார். அவள் சொல்வாள். நாற்று நடுகிறார்கள், ஏரல் பஸ்ஸில் கூட்டம், கோயில் யானைக்குக் காலில் புண் என்று. அதை அவர் பாட்டைவிட ஆசையாகக் கேட்டார்.

தொண்ணூற்றாறில் வைத்தியலிங்கம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து, ஊரில் புதிதாகத் தொடங்கிய ஒரு மழலையர் பள்ளியில் பாட்டு சொல்லித்தர ஆவுடையைக் கூப்பிட்டார்கள். போனாள். ஆனால் மத்தியானம் ஆனால் கால் தானாக வீட்டுக்கு ஓடி வரும். கதவைத் திறந்து வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். அலுவலகம் விடுமுறையான ஒரு நாளில் ஐயம்பெருமாள் அதைப் பார்த்துவிட்டு, “யாரு இருக்கான்னு இப்பிடி ஓடி வார?” என்று கேட்டான். அவள் கதவைச் சாத்திவிட்டுப் பள்ளிக்குத் திரும்பினாள். அந்தப் பழக்கம் விட ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

அடுத்த கோடையில் ஒருநாள் பள்ளி விட்டதும், யாரிடமும் சொல்லாமல் மீனுவைக் கூட்டிக்கொண்டு திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினாள். கோயிலுக்குள் போகவில்லை. கூட்டம் குளிக்கிற இடத்தைத் தாண்டி, மணலில் இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். மீனு கிளிஞ்சல் பொறுக்கினாள். வீடு திரும்பியபோது ஐயம்பெருமாள் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தான்.

“ஏட்டி, எங்க போன? நான் எங்கல்லாம் தேடுனேன்!”

“கடலுக்கு.”

“எதுக்கு?”

“சும்மாதான்” என்றாள் ஆவுடை. அவன் குழம்பிப்போய் மீனுவைப் பார்த்தான். அவள் பாவாடையிலிருந்து மணல் உதிர்ந்துகொண்டிருந்தது.