குசினி கேட்ட வான்

டென்மார்க்கில் முப்பது வருடம் இருந்த எங்கள் ஆட்களிடம் விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஊர்ப் பெயர் வராது. "சித்தப்பா வீட்டை", "பெரியம்மாவின்ர மகள் வீட்டை" என்றுதான் பதில் வரும். நாங்கள் நாடு பார்ப்பதில்லை, சொந்தக்காரரின் ஹோல் பார்ப்போம். பாரிஸில் ஒரு கிழமை நின்றுவிட்டு ஆற்றைக்கூடப் பார்க்காமல் திரும்பியவன் நான். ஆனால் அந்த வீட்டு ஹோலின் கூரையில் எத்தனை வெடிப்பு இருக்கிறது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

விருந்தாளியாகப் போன பெண்களுக்கு இதில் இன்னொரு சலுகை உண்டு. முதல்நாள் தேத்தண்ணி கையில் கிடைக்கும். இரண்டாம் நாள் காலை அவர்களே குசினிக்குள் நின்று எல்லோருக்கும் தேத்தண்ணி போடுவார்கள். ஆண்கள் நாங்கள் சோபாவில் சாய்ந்து நாட்டுப் பிரச்சினையைத் தீர்த்துவைப்போம். அது பின்னேரச் சாப்பாடு வரைக்கும் தீராது.

என் மனைவிக்கு வேலையும் குசினிதான். கிரின்ஸ்டெட்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் காலை முழுக்க உருளைக்கிழங்கும் மண்ணிறக் குழம்பும். ஜன்னல் இல்லாத அறை அது. வீட்டுக்கு வந்தால் சோறும் கறியும். லீவு வந்தால் டோஸ்ட்ருப்பில் அவளுடைய தமையன் வீடு. அங்கே இருபது பேருக்கு ரோல்ஸ் பொரிக்க வேண்டும், ஏனென்றால் தங்கச்சியின் கைப்பக்குவம் ஒருவருக்கும் வராதாம். பாராட்டும் ஒரு கைவிலங்குதான் என்று எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு கோடையில் அங்கிருந்து திரும்பி வரும்போது, கடலைக் கடக்கிற பெரிய பாலத்தில் ஏறியதும் சொன்னாள்:

"அடுத்த லீவுக்கு எனக்குக் குசினி இல்லாத இடம் வேணும். எங்கையெண்டாலும் பரவாயில்லை."

ஹோட்டல் என்றேன். ஹோட்டல் என்றால் நீங்கள் றைஸ் குக்கரையும் காவிக்கொண்டு வருவீர்கள் என்றாள். மறுக்க முடியவில்லை. ரோமுக்கு யாத்திரை போனபோது ஹோட்டல் குளியலறையில் சோறு காய்ச்சியவன் நான். அவள் கேட்டது பெரிய விஷயமே இல்லை என்பதும், இருபத்தாறு வருடத்தில் அதை ஒருதரம்கூடக் கொடுக்கவில்லை என்பதும் எனக்கு உறைத்தது.

அப்படித்தான் வான் வந்தது. பேக்கரிக்குப் பாண் விநியோகித்து ஓய்ந்துபோன ஒரு பழைய வான். இயந்திரத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன், கை சும்மா இருக்காது, இதை வீடுபோல மாற்றிவிடலாம் என்றேன். அவள் ஒரு தாளில் படம் கீறித் தந்தாள். பின்னால் கட்டில், நடுவில் மேசை, சுற்றிவர அலுமாரி. பெரிய பக்க ஜன்னலோடு ஒரு சாய்வு இருக்கை, தலைமாட்டில் புத்தகத் தட்டு. குசினி எங்கே என்று கேட்டேன். "இல்லை" என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டாள். அப்ப சாப்பாடு என்றேன். டெனிஷ்காரர் பாணும் சீஸும் தின்று உயிரோடுதானே இருக்கிறார்கள் என்றாள்.

ஒரு குளிர் மாரி முழுக்க வேலை. இருக்கையை மட்டும் மூன்று தரம் கழற்றிப் பூட்டினேன். அவள் ஏறி இருந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் சாயவேண்டும் என்பாள். நான் சாய்ப்பேன். அந்த மாரியில்தான் நாங்கள் இருவரும் அதிகம் சிரித்தோம்.

வேலை முடிந்ததும் நான் செய்த முதல் காரியம் பதிவல்ல, ஆசீர்வாதம். சுவாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்தோம். அரசாங்கம் ஏற்றுக்கொள்ள முதல் ஆண்டவர் ஏற்றுக்கொண்டார். நாற்பது பேர் வந்தார்கள். ஒவ்வொரு லாச்சியையும் இழுத்துப் பார்த்தார்கள். ஆண்கள் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, குசினி எங்கே என்பது. பெண்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக ஏறி, அந்த ஜன்னலோர இருக்கையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கினார்கள். வெளியில் வரிசை நின்றது. அன்றைக்கு நாற்பது பேருக்கும் சமைத்தது யார் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நானும் கேட்கவில்லை.

பதிவுக்கான படிவங்களை மகள் நிரப்பினாள். சில்க்போர்க்கில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். நான் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்வாள். விதியை அவள் வாசித்துக் காட்டினாள். முகாம் வண்டியென்றால் இருக்கையும் மேசையும், படுக்கை, சமையல் வசதி, அலுமாரி, இவ்வளவும் வேண்டும், எல்லாம் வண்டியோடு இறுக்கிப் பூட்டியிருக்கவேண்டும். சமையல் வசதி இல்லையே அப்பா என்றாள். அது சும்மா எழுதி வைத்திருப்பாங்கள் என்றேன். சட்டத்தில் "வேண்டும்" என்று கண்டால் "இருந்தால் நல்லது" என்று வாசிக்கிற கண் எனக்கு. முப்பது வருடமாகியும் அந்தக் கண்ணுக்கு டென்மார்க் கண்ணாடி பொருந்தவில்லை.

வாகனப் பரிசோதனையை எங்கள் ஆட்களும் டெனிஷிலேயே "சூன்" என்பார்கள். தற்காலிக நம்பர் தகட்டோடு சூனுக்குக் கொண்டுபோனேன். நரைத்த தாடியோடு ஒரு பரிசோதகர், கையில் சின்ன டோர்ச். அலுமாரியை இழுத்துப் பார்த்தார். பிறகு அதில் தொங்கியே பார்த்தார். அது அசையவில்லை. கட்டிலைத் தட்டி, நல்ல வேலை என்றார். நான் பூரித்துப் போனேன். பிறகு சாப்பாடு எங்கே செய்வீர்கள் என்று கேட்டார்.

நான் உள்ளதைச் சொன்னேன். மனைவி நாள் முழுக்க குசினியில் நிற்பவள், அவளுக்குக் குசினி இல்லாத லீவு வேண்டும், அதற்காகத்தான் இந்த வண்டி என்று. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். தன் மனைவிக்கும் இப்படி ஒன்று பிடிக்கும் என்றார். பிறகு நிராகரித்தார்.

"சமையல் வசதி இல்லையென்றால், இது கட்டில் போட்ட பாண் வான்" என்றார்.

இந்த நாட்டில் அனுதாபமும் நிராகரிப்பும் ஒரே ஆளிடம் ஒரே புன்னகையோடு கிடைக்கும். எங்கள் ஊர்க் கந்தோரில் என்றால் முதலில் ஏசுவான், பிறகு ஏதோ ஒரு வழியில் விடுவான். இவர் ஏசவும் இல்லை, விடவும் இல்லை.

பாண் வானாகவும் ஓடமுடியாது, முகாம் வண்டியாகவும் ஓடமுடியாது. தேரை இழுத்துத் தெருவில் விட்ட கதைதான். டோஸ்ட்ருப் மச்சானுக்குப் போன் எடுத்தேன். அவர் வாழ்க்கையில் ஒரு வானும் வைத்திருக்கவில்லை, ஆனபடியால் வான்களைப் பற்றி எல்லாம் தெரியும். ஒரு காஸ் அடுப்பைக் கொண்டுபோய் மேசையில் வையும், அவன் பார்த்துவிட்டு விடுவான், பிறகு தூக்கி எறியும் என்றார். குசினி இல்லாத வண்டியில் என்ன பிரயோசனம் என்றும் கேட்டார். கோயில் பெருநாளுக்குப் பால் காய்ச்சுகிற கையடுப்பை இரவல் வாங்கிக்கொண்டு மறுபடி சூனுக்குப் போனேன். தாடிக்காரர் அடுப்பை இரண்டு விரலால் தூக்கினார். சுலபமாக வந்துவிட்டது. அதை என் கையில் தந்து, இது உங்களோடு வீட்டுக்குப் போகட்டும் என்றார்.

குசினியைப் பூட்டிக் காட்டிவிட்டுப் பிறகு கழற்றிவிடலாமா என்று மகளிடம் கேட்டேன். அப்படிச் செய்தால் அது பதிவு செய்த வண்டியே இல்லை, காப்புறுதியும் நிற்காது என்றாள். அவள் குரல் அந்தத் தாடிக்காரருடைய குரல்போலவே இருந்தது. பெற்று வளர்த்தது நாங்கள், பழுதில்லாத டெனிஷ்காரி.

வானுக்குள் குசினி வைக்க ஒரேயொரு இடம்தான் இருந்தது. ஜன்னலோர இருக்கை இருந்த இடம்.

நான் அதைக் கழற்றியபோது அவள் வீட்டுக் குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு கோப்பை கழுவினாள். உள்ளே போய், வேறு வழி இல்லை, சட்டம் என்றேன்.

"சட்டமெண்டா என்ன செய்யிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பையை எடுத்தாள்.

அவள் சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். சண்டை பிடிக்காதபடியால், உலகத்தில் இல்லாத ஒரு குசினியைக் கட்டிக் கொடுத்து ஈடுகட்டுவதென்று முடிவெடுத்தேன். இரட்டை அடுப்பு, சின்ன சிங்க், மிளகாய்த்தூளுக்குத் தனி லாச்சி, தலைக்கு மேலே ஒரு அலுமாரி. எட்டிப் பிடிக்கிற கஷ்டமோ குனிகிற கஷ்டமோ இருக்கக்கூடாது என்பதற்காக, அவள் கோப்பை கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் போய் அளவு நாடாவைப் பிடித்தேன். இடுப்பு எவ்வளவு உயரம், தூக்கிய கை எவ்வளவு உயரம், எல்லாம் ஒரு மட்டைத் துண்டில் குறித்தேன். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். சொன்னால் வெட்கமாக இருக்கிறது, அந்த நேரம் என் மனதில் பாசம் பொங்கியது.

மூன்றாம் முறை தாடிக்காரர் குசினியில் தொங்கினார், உதைத்தும் பார்த்தார். ஸ்குரூவும் பசையும் சேர்த்துப் போட்டிருந்தேன், மயிரிழையும் அசையவில்லை. காஸ் பரிசோதித்த தாளைப் பார்த்தார். கடைசியாகக் குழாயைத் திறக்கக் குனிந்தவர், மேடை கொஞ்சம் உயரம் குறைவாக இருக்கிறதே என்றார். எங்கள் ஆட்கள் கட்டை என்றேன். அவர் என்னை மேலிருந்து கீழே ஒருதரம் பார்த்தார். நான் ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. பிறகு கையெழுத்து வைத்தார். டெனிஷ்காரர் வாயைத் திறக்காமலே சொல்லிவிடுகிற விஷயங்கள் உண்டு. எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை. வெள்ளை நம்பர் தகடு கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

முதல் பயணம் சில்க்போர்க், ஏரிக்கரையில் ஒரு முகாம் இடம். பின்னேரம் ஐந்து மணி, நல்ல வெயில். பக்கத்து வண்டிக்காரர்கள் பாணை வெட்டி வைத்துக்கொண்டு வெளியில் இருந்தார்கள். நான் கதவைத் திறந்து வைத்து, குசினியைப் பெருமையோடு பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் சொன்னேன்:

"கொஞ்சம் சோறும் ஒரு பருப்பும் வைச்சா நல்லாயிருக்குமெல்லோ."

அவள் ஏறி வந்தாள். சமையல் மேடைக்கு முன்னால் நின்று, இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்தாள். கையைத் தூக்கி மேல் அலுமாரியைத் திறந்தாள், மூடினாள்.

"அச்சொட்டா எனக்கு அளவு" என்றாள். "அண்டைக்கு நாடாவோட நிண்டது இதுக்குத்தானோ?"

ஓம் என்றேன். பாராட்டு வரப்போகிறது என்றே நினைத்தேன்.

"ஏன் உங்களை அளக்கேல்லை?"

அந்தக் கேள்வியே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. குசினி வேண்டும் என்று சொன்னது சட்டம். அதில் யார் நிற்கவேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. அந்த வரியை எழுதியது நான், மட்டைத் துண்டில், பாசத்தோடு.

அவள் முன் ஆசனத்தை ஏரிப்பக்கம் திருப்பி, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, புத்தகத்தைத் திறந்தாள்.

நான் அரிசி கழுவினேன். மேடை என் தொடைக்கு வந்தது. வெங்காயம் வெட்டி முடிப்பதற்குள் முதுகும் நாரியும் விண்ணென்று வலிக்கத் தொடங்கின. ஒரு சாண் உயர்த்தலாம்தான். ஆனால் கழற்றினால் மறுபடி காஸ் தாள், மறுபடி சூன், மறுபடி தாடிக்காரர். அவர் அன்றைக்குப் பார்த்த பார்வையை இன்னொருதரம் சந்திக்க எனக்குத் தைரியம் இல்லை. குனிந்தபடியே பருப்பைப் போட்டேன்.

அப்போது டோஸ்ட்ருப் மச்சான் போன் எடுத்தார். அவள் எடுத்தாள். அவர் கதைத்தால் ஸ்பீக்கர் தேவையில்லை, எனக்கும் கேட்டது. புதுக் குசினி எப்படி, இன்றைக்கு என்ன சமையல் தங்கச்சி என்றார்.

"தெரியேல்லை அண்ணை" என்றாள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் லீவில வந்திருக்கிறன். சமைக்கிற ஆளிட்டைக் குடுக்கிறன்."

போனை என் பக்கம் நீட்டினாள். அதை வாங்க நிமிர்ந்தேன். மேல் அலுமாரியையும் அவளுடைய கைக்கு எட்டத்தான் பூட்டியிருந்தேன். என் நெற்றி அதில் போய் அடித்தது. அலுமாரி மயிரிழையும் அசையவில்லை.